தராசில் ஏறாத ஓட்டம்

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிய இன்னும் இருபது நிமிடம் இருந்தது. கேமரன் மலையில் எங்கள் தோட்டத்துத் திடல். ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, மறுபக்கம் லயன் வீடுகள், கோல் கம்பத்துக்குப் பின்னால் மாரியம்மன் கோயில். பெரியம்மா மகன்தான் எங்கள் அணியின் வலப்பக்க ஆட்டக்காரர். பந்தைத் துரத்திக்கொண்டு ஓடிய அண்ணனை யாரும் இடிக்கவில்லை, தொடக்கூட இல்லை. திடீரென்று தொடையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

மூன்று நாள் கழித்து அவருக்கு ஒரு கிளப்பின் இளையோர் அணித் தேர்வு இருந்தது. அதற்குப் போக முடியவில்லை. அடுத்த ஆண்டு வயது வரம்பைத் தாண்டிவிடுவார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

திடல் ஓரத்தில் நின்றவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். "ஸ்டெமினா இல்ல" என்றார் ஒருவர். "வார்ம் அப் ஒழுங்கா செய்யல" என்றார் இன்னொருவர். "ராத்திரி முழுக்க கைப்பேசி, வேற என்ன?" என்றார் மூன்றாமவர். வீட்டுக்கு வந்த பிறகு பாட்டி மட்டும் வேறு மாதிரி பேசினார்.

"நான் பறிச்ச கொழுந்த ஒரு நாள்கூட எடை போடாம விட்டதில்ல. எத்தன கிலோன்னு கிராணி எழுதுவாரு. இந்தப் பையன் இன்னிக்கு எவ்வளவு ஓடினான், எவ்வளவு தூக்கினான்னு யாரு எடை போட்டா? எடை போடாமலே ஸ்டெமினா இல்லன்னு எப்படிச் சொல்றாங்க?"

நான் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 'சுமை அளவீடு' என்று எங்களுக்கு ஒரு பாடமே உண்டு. முப்பது ஆண்டுக்கு மேல் கூடை சுமந்த பாட்டி அந்தப் பாடத்தின் முதல் கேள்வியைக் கேட்டுவிட்டார். இந்தக் கட்டுரை அவருடைய கேள்விக்கு நான் தேடிய பதில்.

ஒலிநாடாவில் தொடங்கிய கணக்கு

ஒரு காற்பந்து ஆட்டக்காரர் 90 நிமிடத்தில் எவ்வளவு தூரம் ஓடுகிறார்? இன்று தொலைக்காட்சித் திரையிலேயே அந்த எண் வந்துவிடுகிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னால் பயிற்றுநர்களுக்குக்கூட அது தெரியாது.

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் தாமஸ் ரைலி, வாகன் தாமஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1970களில் இதை அளக்கப் புறப்பட்டார்கள். அப்போது ஜி.பி.எஸ். கிடையாது, கணினி கேமராவும் கிடையாது. அவர்கள் செய்தது மிக எளிமையானது. ஓர் ஆட்டத்தில் ஒரே ஓர் ஆட்டக்காரரை மட்டும் கண்ணிமைக்காமல் பார்ப்பார்கள். அவர் நடந்தால், மெதுவாக ஓடினால், வேகமாகப் பாய்ந்தால், பின்னோக்கி நகர்ந்தால், ஒவ்வொன்றையும் ஒலிப்பதிவுக் கருவியில் சொல்லிக்கொண்டே வருவார்கள். அந்த ஆட்டக்காரரின் ஓர் எட்டு எத்தனை மீட்டர் என்பதும் அவர்களிடம் இருந்தது. எட்டுகளை எண்ணி, அந்த நீளத்தால் பெருக்கித் தூரத்தைக் கண்டார்கள்.

1976இல் வெளியான அந்த ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆட்டக்காரர்கள் ஓர் ஆட்டத்தில் சராசரியாக 8.7 கிலோமீட்டர் நகர்ந்திருந்தார்கள். நடுத்திடல் ஆட்டக்காரர்கள் 10 கிலோமீட்டரை நெருங்கினார்கள், மையத் தற்காப்பு ஆட்டக்காரர்கள் 8 கிலோமீட்டருக்கும் குறைவு. எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு கண்டுபிடிப்பு. அந்தத் தூரத்தில் பந்தோடு ஓடியது 2 விழுக்காடுகூட இல்லை. நாம் பந்தைத்தான் பார்க்கிறோம். உடல் உழைப்பதோ பெரும்பாலும் பந்து இல்லாத இடத்தில்.

தூரம் மட்டும் போதுமா?

தூரத்தை அளந்ததும் வேலை முடிந்துவிடவில்லை. எங்கள் தோட்டத்திலிருந்து தானா ராத்தாவுக்கு நடந்து போய்த் திரும்பினாலும் 10 கிலோமீட்டர் தாண்டிவிடும். அதற்காக அதை ஒரு காற்பந்து ஆட்டம் என்று யாரும் சொல்வதில்லை. ஆட்டத்தில் உடலை வருத்துவது வேகம் மாறுவதுதான். நின்றவர் பாய்கிறார், பாய்ந்தவர் சட்டென்று நிற்கிறார், திரும்புகிறார், குதிக்கிறார். சராசரியாக ஐந்தாறு விநாடிக்கு ஒரு முறை அசைவு மாறுகிறது. 90 நிமிடத்தில் அது ஆயிரம் முறையை நெருங்கும்.

டென்மார்க்கின் யென்ஸ் பாங்ஸ்போவும் அவருடைய குழுவினரும் இந்தப் பக்கத்தை ஆழமாக ஆராய்ந்தார்கள். 1991இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், ஆட்ட நேரத்தில் 17 விழுக்காடு சும்மா நிற்பதிலும் 40 விழுக்காடு நடப்பதிலும் போனது. கடுமையான ஓட்டம் 8 விழுக்காடுதான். ஆனால் ஆட்டத்தின் முடிவு அந்த 8 விழுக்காட்டுக்குள்தான் இருக்கிறது.

இதை 2003ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று இன்னும் தெளிவாகக் காட்டியது. மாக்னி மோர், பாங்ஸ்போ உள்ளிட்டோர் ஐரோப்பாவின் உயர்தர ஆட்டக்காரர்கள் 18 பேரையும் அடுத்த நிலைத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் 24 பேரையும் ஒப்பிட்டார்கள். மொத்தத் தூரத்தில் இரு குழுவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை: ஒன்று 10.86 கிலோமீட்டர், மற்றது 10.33 கிலோமீட்டர். ஆனால் அதிவேகப் பாய்ச்சலில் உயர்தரக் குழு 650 மீட்டர், அடுத்த குழு 410 மீட்டர்.

அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. எந்தத் தரத்து ஆட்டக்காரராக இருந்தாலும் கடைசி 15 நிமிடத்தில் கடுமையான ஓட்டம் குறைந்துவிடுகிறது. இரண்டாம் பாதியில் மாற்று ஆட்டக்காரராக இறங்கியவர்கள் அதே 15 நிமிடத்தில் மற்றவர்களைவிடக் கால் பங்கு அதிகமாக ஓடினார்கள். ஆக, கடைசி நேரத் தளர்ச்சி என்பது 'மன உறுதி இல்லாமை' அன்று. எரிபொருள் தீரும் தசையின் இயல்பு அது. அண்ணன் விழுந்தது 70ஆவது நிமிடத்தில் என்பதை நினைத்துக்கொண்டேன்.

ஒரே கூடை, இரண்டு முதுகு

எங்கள் பாடத்தில் சுமையை இரண்டாகப் பிரிப்பார்கள். ஆட்டக்காரர் வெளியே செய்து காட்டும் வேலை புறச்சுமை. எத்தனை கிலோமீட்டர், எத்தனை பாய்ச்சல், எத்தனை குதி என்பதெல்லாம் அதில் அடங்கும். அந்த வேலை உடலுக்குள் ஏற்படுத்தும் அழுத்தம் அகச்சுமை. இதயத் துடிப்பு, மூச்சு, வியர்வை, களைப்பு ஆகியவை இதைச் சேர்ந்தவை.

பாட்டியிடம் இதை விளக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "இருபது கிலோ கொழுந்துன்னா தராசுக்கு எல்லாம் இருபதுதான். ஆனா சமதரையில பறிச்ச இருபதும் செங்குத்துல பறிச்ச இருபதும் ஒண்ணா? இருபது வயசு முதுகும் அம்பது வயசு முதுகும் ஒண்ணா?" என்றார். தராசு காட்டுவது புறச்சுமை, முதுகு உணர்வது அகச்சுமை. இரண்டும் தெரிந்தால்தான் ஒருவர் நன்றாக இருக்கிறாரா, உடையப் போகிறாரா என்று சொல்ல முடியும்.

பெரிய கிளப்புகள் இரண்டையும் அளக்கின்றன. தொழில்முறை ஆட்டக்காரர்கள் சட்டைக்குள் அணியும் குட்டை மேலங்கியைப் பார்த்திருப்பீர்கள். தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே தீப்பெட்டி அளவில் ஒரு கருவி இருக்கும். அதிலுள்ள ஜி.பி.எஸ். பெரும்பாலும் விநாடிக்கு 10 முறை இடத்தைக் குறிக்கிறது. கூடவே இருக்கும் அசைவுமானி விநாடிக்கு 100 முறை குலுக்கலைப் பதிகிறது. காற்பந்து விதிகளை வகுக்கும் அனைத்துலக வாரியம் 2015இல் இத்தகைய கருவிகளை அதிகாரபூர்வ ஆட்டங்களில் அணிய வழிவிட்டது. மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டரைத் தாண்டினால் அதிவேக ஓட்டம், 25 கிலோமீட்டரைத் தாண்டினால் பாய்ச்சல் என்று பல கிளப்புகள் கணக்கிடுகின்றன. நெஞ்சில் கட்டும் பட்டை இதயத் துடிப்பை அனுப்பும். ஆட்டத்தின்போது சராசரித் துடிப்பு ஒருவருடைய உச்சத் துடிப்பில் 85 விழுக்காட்டை ஒட்டி இருக்கும்.

நம் பகாங் மாநிலத்தின் கம்பாங்கிலேயே மொக்தார் டஹாரி அகாடமி இருக்கிறது. நாடு முழுவதிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்பட்ட இளம் ஆட்டக்காரர்கள் அங்கே தங்கிப் படித்துப் பயிற்சி பெறுகிறார்கள். அவர்களுடைய பெரிய வாய்ப்பு கருவிகள் அல்ல என்பது என் எண்ணம். அங்கே ஒரு பையன் எப்போது தூங்கினான், என்ன சாப்பிட்டான், எவ்வளவு ஓடினான் என்று அவனுடைய முழு நாளும் பயிற்றுநருக்குத் தெரியும். எங்கள் தோட்டத்துப் பயிற்றுநருக்கு மாலை ஐந்து மணிக்குப் பிறகு நடப்பது மட்டும்தான் தெரியும்.

மலைக்காரன் நுரையீரல்

கருவி இல்லாத ஊரில் நம்பிக்கைகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. "நாம மலைக்காரங்க, நமக்கு நுரையீரல் பெருசு. கீழ போய் ஆடினா பறந்துடலாம்." நானும் அதை நம்பித்தான் வளர்ந்தேன்.

தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவு. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் உயிர்வளியும் குறைவு. ஆனால் சிவப்பணுக்கள் கணிசமாகப் பெருகும் அளவுக்கு உடலைத் தூண்ட இந்த உயரம் போதாது. 1997இல் அமெரிக்காவில் வெளியான புகழ்பெற்ற 'உயரத்தில் வாழ், தாழ்வில் பயிற்சி செய்' ஆய்வில் ஓட்டக்காரர்கள் நான்கு வாரம் தங்கியது 2,500 மீட்டர் உயரத்தில். அவர்கள் இறங்கி வந்து பயிற்சி செய்த 'தாழ்வான' இடமே 1,250 மீட்டர். அதாவது ஏறத்தாழ நம் ரிங்லெட்டின் உயரம்!

உயரம் ஆட்டத்தை மாற்றவே மாற்றாது என்று சொல்ல வரவில்லை. பொலிவியாவின் லா பாஸ் நகரம் 3,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 2009 ஏப்ரல் 1இல் மரடோனா பயிற்றுவித்த அர்ஜென்டினா அணி அங்கே 6-1 என்று தோற்றது. மெஸ்ஸியும் அன்று ஆடினார். ஆனால் கேமரன் மலை லா பாஸ் ஆகாது.

எங்கள் பிள்ளைகளுக்கு உண்மையான சவால் நேர் எதிர்த்திசையில் இருக்கிறது. இங்கே பகல் வெப்பம் 25 பாகையைத் தாண்டுவதே அரிது. மாநில அளவிலான போட்டி என்றால் சமவெளிக்கு இறங்க வேண்டும். அங்கே 32, 33 பாகை, கூடவே புழுக்கம். வெப்பத்துக்கு உடல் பழகப் பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். முதல் நாள் மாலை வேனில் இறங்கி, மறுநாள் காலை ஆடும் பையனின் இதயம் அதே ஓட்டத்துக்குக் கூடுதலாகத் துடிக்கிறது. இரத்தத்தின் ஒரு பங்கு தோலைக் குளிர்விக்கப் போய்விடுவதே காரணம். புறச்சுமை அதேதான், அகச்சுமை ஏறிவிடுகிறது. திடல் ஓரத்தில் நிற்பவர் கண்ணுக்கு அது 'ஸ்டெமினா இல்ல' என்று தெரிகிறது.

இதை அளக்க வீட்டுத் தராசே போதும். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் ஈர உடைகளை மாற்றிவிட்டு எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை. இடையில் குடித்த தண்ணீரையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். உடல் எடையில் 2 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் ஆட்டத் திறன் பாதிக்கத் தொடங்கும். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 1.2 கிலோ. மலையில் ஒரு முறையும் சமவெளியில் ஒரு முறையும் இதைச் செய்து பார்த்தால் நீங்களே வேறுபாட்டைக் காண்பீர்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பெருக்கல்

சரி, அண்ணனின் கதைக்கு வருவோம். அவருடைய சுமையை எப்படி அளப்பது? மேலங்கி இல்லை, பட்டையும் இல்லை. விடுமுறை முடிந்து பல்கலைக்கழகம் திரும்பியதும் இதைத்தான் தேடினேன். விடை ஏற்கெனவே என் பாடக் குறிப்பிலேயே இருந்தது.

சுவீடனின் உளவியல் அறிஞர் குன்னார் போர்க், ஒருவர் தன் களைப்பை எண்ணாகச் சொல்லும் அளவுகோலை உருவாக்கியவர். அமெரிக்காவின் கார்ல் ஃபாஸ்டர் அதை எடுத்து மிக எளிய முறை ஒன்றை அமைத்தார். பயிற்சி முடிந்து ஏறத்தாழ அரை மணி நேரம் கழித்து ஆட்டக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி: "மொத்தத்தில் எவ்வளவு கடினமாக இருந்தது?" 0 என்றால் ஓய்வு, 10 என்றால் இனி முடியவே முடியாது. அந்த எண்ணைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்க வேண்டும். 90 நிமிட ஆட்டத்துக்கு 8 என்று சொன்னால் 90 x 8 = 720 அலகு. கணக்கு அவ்வளவுதான்.

கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் இத்தாலியின் இளம் காற்பந்து ஆட்டக்காரர்களிடம் 2004இல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்தபோது, இதயத் துடிப்பை வைத்துப் போட்ட கணக்கோடு இந்தக் கணக்கு நன்றாகவே ஒத்துப்போனது. இன்றும் பணக்கார கிளப்புகள் ஜி.பி.எஸ். கருவியோடு சேர்த்து இந்தக் கேள்வியையும் கேட்கின்றன.

அண்ணனைக் கைப்பேசியில் அழைத்தேன். "அந்த வாரம் முழுக்க என்ன செஞ்சீங்கன்னு சொல்லுங்க அண்ணே" என்றேன்.

"திங்கள் ஓய்வு. செவ்வாயும் வியாழனும் பிராக்டிஸ். ஞாயிறு கேம். உனக்குத்தான் தெரியுமே தங்கச்சி."

"அது சரி. காலையில?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "காலையில வேலை. அதையும் ஏன் கேக்குற?"

அண்ணன் ஒரு காய்கறித் தோட்டத்தில் கூடைகளை லாரியில் ஏற்றும் வேலை செய்கிறார். கோஸ், தக்காளி, சரிவில் ஏற்றி இறக்க வேண்டும். சாதாரண வாரத்தில் நாளுக்கு நான்கு மணி நேரம், வாரத்தில் ஆறு நாள். கடினம் 10க்கு எத்தனை என்றேன், 4 என்றார். அந்த வாரம் சீனப் புத்தாண்டுக்கு முந்தைய வாரம். சந்தைக்குச் சரக்கு அதிகம். நாளுக்கு ஐந்து மணி நேரம், கடினம் 5.

நோட்டில் எழுதினேன். முதலில் காற்பந்து. பயிற்சி 75 நிமிடம், கடினம் 6, இரண்டு நாள்: 900. ஆட்டம் 90 நிமிடம், கடினம் 8: 720. மொத்தம் 1,620 அலகு. எந்த வாரமும் ஏறத்தாழ இதே அளவுதான்.

அடுத்து வேலை. சாதாரண வாரத்தில் 240 நிமிடம் x 4 x 6 நாள் = 5,760. அந்த வாரத்தில் 300 x 5 x 6 = 9,000.

இரண்டையும் கூட்டினால் சாதாரண வாரம் 7,380, அந்த வாரம் 10,620. ஒரே வாரத்தில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஏற்றம். பயிற்றுநரிடம் ஒரு நோட்டு இருந்திருந்தாலும் அதில் 1,620 மட்டுமே இருந்திருக்கும். சென்ற வாரம் 1,620, இந்த வாரமும் 1,620, எல்லாம் சரி என்றே அது சொல்லியிருக்கும். மொத்தச் சுமையில் காற்பந்தின் பங்கு 15 விழுக்காடுதான். மீதி 85 விழுக்காடு யார் நோட்டிலும் ஏறவில்லை.

இது நினைவிலிருந்து போட்ட கணக்கு. இந்த முறையும் விளையாட்டுப் பயிற்சிக்காகச் செய்யப்பட்டது, லாரி ஏற்றுவதற்காக அல்ல. அவருடைய தசை கிழிந்ததற்கு இதுதான் காரணம் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஒருவருக்குக் காயம் வருமா என்று ஓர் எண்ணை வைத்து ஆரூடம் சொல்லவும் முடியாது. ஆனால் சுமை திடீரென்று ஏறும் வாரங்களில் கவனமாக இருக்க வேண்டும் என்பதில் பயிற்றுநர்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அந்தக் கணக்கு முன்னாலேயே கையில் இருந்திருந்தால், வியாழன் பயிற்சியை விட்டுவிடச் சொல்லியிருக்கலாம். ஞாயிறு ஆட்டத்தில் 60ஆவது நிமிடத்தில் வெளியே எடுத்திருக்கலாம். தேர்வு மூன்று நாளில் இருந்ததே!

உடலிடம் வேலைக்கு ஒரு கணக்கு, விளையாட்டுக்கு ஒரு கணக்கு என்று இரண்டு புத்தகம் கிடையாது. எல்லாம் ஒரே பேரேட்டில்தான் ஏறுகிறது. இது தோட்டத்துப் பையன்களுக்கு மட்டுமான செய்தி அல்ல. மாலையில் உணவகத்தில் பகுதிநேர வேலை செய்யும் கல்லூரி மாணவர், பள்ளி அணி, கிளப் அணி, ஃபுட்சால் என்று மூன்று இடத்தில் ஆடும் படிவம் 4 மாணவி, எஸ்.பி.எம். நேரத்தில் நான்கு மணி நேரம் மட்டும் தூங்கும் கோல் காவலர், எல்லாருக்கும் இதே கதைதான். மூன்று பயிற்றுநரும் தத்தம் பங்கை மட்டும் பார்ப்பார்கள். கூட்டிப் பார்க்கக்கூடியவர் ஒருவர்தான், அந்த ஆட்டக்காரரே.

நீங்களே தொடங்கலாம்

செகாக் சோதனையில் மூன்று நிமிடம் பலகையில் ஏறி இறங்கி நாடித் துடிப்பை எண்ணியது நினைவிருக்கிறதா? பலர் அதை மதிப்பெண்ணுக்காகச் செய்துவிட்டு மறந்துவிடுகிறோம். அது அகச்சுமையை அளக்கும் சோதனைதான். அதே பலகை, அதே வேகத்தில் மாதம் ஒரு முறை செய்து துடிப்பைக் குறித்து வாருங்கள். துடிப்பு குறைந்து வந்தால் உடல் தேறுகிறது. காரணமில்லாமல் ஏறினால், களைப்பா, காய்ச்சலா, தூக்கமின்மையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

காற்பந்துக்கே உரிய சோதனை வேண்டுமானால் பாங்ஸ்போ வடிவமைத்த யோ-யோ சோதனை இருக்கிறது. 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு கூம்புகள், கைப்பேசியில் ஒலிப்பதிவு ஒன்று, அவ்வளவுதான் தேவை. ஒலிக்கு ஏற்ப 20 மீட்டர் போய் 20 மீட்டர் திரும்ப வேண்டும். பிறகு 10 விநாடி இளைப்பாறல். வேகம் ஏறிக்கொண்டே போகும். இரண்டு முறை நேரத்துக்குள் கோட்டைத் தொடாவிட்டால் சோதனை முடிந்தது. முதல் நிலைச் சோதனையில் ஓடிய மொத்த மீட்டரை 0.0084ஆல் பெருக்கி 36.4ஐக் கூட்டினால், உடல் உச்ச அளவில் எவ்வளவு உயிர்வளியைப் பயன்படுத்துகிறது என்பது தோராயமாகக் கிடைக்கும். 1,600 மீட்டர் ஓடியவருக்கு அது ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 50 மில்லிலிட்டரை நெருங்கும். தொழில்முறை ஆட்டக்காரர்கள் பொதுவாக 55க்கும் 65க்கும் இடையே இருப்பார்கள்.

தோட்டத் திடலில் செய்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் திடல் ஒரு பக்கம் சாய்ந்தது. முதல் முறை நான் சரிவின் போக்கில் கூம்பு வைத்து, பையன்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். குறுக்காக, மட்டமான பகுதியில் வையுங்கள். நாடா வைத்து அளந்துகொள்ளுங்கள். அடுத்த முறையும் அதே இடம், அதே நேரம். மற்றவரோடு ஒப்பிடுவதைவிட, உங்களுடைய சென்ற மாத எண்ணோடு ஒப்பிடுவதுதான் பயன் தரும். நெஞ்சு வலி, மயக்கம், இழுப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். வேகமாக உயரம் வளரும் வயதில் முழங்காலுக்குக் கீழே வலி வந்தால் அதைச் சோம்பல் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். எலும்பு நீளும் வேகத்துக்குத் தசைநார் ஈடுகொடுக்காத காலம் அது.

இந்த அளவீட்டையே தொழிலாகக் கொள்ள விரும்பும் மாணவர்களுக்கும் வழி இருக்கிறது. மலாயா பல்கலைக்கழகம், தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் உள்ளிட்ட இடங்களில் விளையாட்டு அறிவியல் படிக்கலாம். உயிரியல், கணிதம் இரண்டிலும் ஆர்வம் இருந்தால் இது உங்கள் துறை. காற்பந்து நன்றாக ஆடத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. என் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் இதற்குச் சாட்சி.

எண் யாருக்குச் சொந்தம்?

என் கணக்கைப் பாட்டியிடம் காட்டியபோது அவர் உடனே மகிழ்ந்துவிடவில்லை. "எடை போடுறது நல்லதுதான். ஆனா எடை போடுறவன் கையில என்ன இருக்குன்னும் பாக்கணும்" என்றார். ஈரக் கொழுந்து என்று சொல்லிக் கிலோவைக் கழித்த நாள்கள் அவருக்கு நினைவிருக்கின்றன. எண் குறைந்த அன்று சம்பளமும் குறைந்தது, முதுகு வலி மட்டும் குறையவில்லை.

விளையாட்டிலும் இந்த ஆபத்து உண்டு. 'கடினம் 9' என்று உண்மையைச் சொல்லும் பையனைப் பயிற்றுநர் 'சோம்பேறி' என்று உட்கார வைத்தால், அடுத்த வாரம் அவன் 5 என்று பொய் சொல்வான். அதோடு அந்த நோட்டுக்கு மதிப்பில்லாமல் போகும். குறைவாக ஓடியவரை எல்லார் முன்னாலும் வாசித்துக் காட்டினால், அடுத்த ஆட்டத்தில் அவர் தேவையில்லாமல் ஓடித் தூரத்தை ஏற்றுவார். பந்து எங்கே போகும் என்று முன்கூட்டியே படித்துக் குறைவாக ஓடும் தற்காப்பு ஆட்டக்காரர்தான் சில நேரம் அணியிலேயே புத்திசாலி. எண் ஆட்டக்காரரைக் காக்க வேண்டும், தண்டிக்கக் கூடாது. யார் அதைப் பார்க்கலாம் என்று தீர்மானிக்கும் உரிமையும் அவருக்கு இருக்க வேண்டும்.

அண்ணன் எட்டு வாரம் கழித்துத் திடலுக்குத் திரும்பினார். கிளப் தேர்வு போனது போனதுதான், அது திரும்பி வராது. இப்போது அணியில் பதினெட்டுப் பேருக்கும் ஒரு நோட்டு இருக்கிறது. பக்கத்துக் கொங்சியில் தங்கி வேலை செய்யும் இரண்டு நேபாளத் தோழர்களும் அதில் சேர்த்தி. ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு கட்டம்: ஒன்று 'வேலை / பள்ளி', மற்றது 'பந்து'. மூன்றாவது கட்டத்தில் எத்தனை மணி நேரம் தூக்கம் என்று எழுத வேண்டும். வியாழக்கிழமை பயிற்சிக்கு முன்னால் பயிற்றுநர் அதைப் புரட்டிப் பார்க்கிறார். சென்ற மாதம் ஒரு பையனைப் பார்த்து, "இந்த வாரம் உனக்குப் போதும்பா, உக்காந்து பாரு" என்றாராம். அந்தப் பையன் கோபித்துக்கொண்டான். மறு வாரம் முழு ஆட்டமும் ஆடினான்.

சென்ற விடுமுறையில் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஞாயிறு மாலை ஆட்டம் முடிந்து அண்ணன் சேற்றுக் காலோடு வாசலில் உட்கார்ந்தார். பாட்டி தேநீர் டம்ளரை நீட்டிக்கொண்டே கேட்டார்.

"இன்னிக்கு எத்தன?"

"எழுநூத்து இருபது பாட்டி."

"காலையில லாரி ஏத்தினது?"

அண்ணன் சிரித்துக்கொண்டே நோட்டை எடுக்க உள்ளே போனார்.